வசந்தன் திக்காமல் பேசிய ஒரே ஆள்

பெக்கோக்கை அடுத்த செம்பனை எண்ணெய் ஆலையில், பழம் ஏற்றி வரும் லாரிகளுக்கு எடை பார்த்து உள்ளே அனுப்பும் வேலை வசந்தனுக்கு. முப்பத்தாறு வயது. பேசினால் திக்கும். தன் பெயரின் முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். லாரி ஓட்டுநர்களில் சிலர் அவனைப் போலவே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். அதனால் கையை ஆட்டியே காலத்தை ஓட்டினான்.

போன ஆண்டு கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கினான். பேச்சுத் துணைக்கென்று செய்த செயற்கை நுண்ணறிவு, பெண் குரல். தாரணி என்று பெயர் வைத்தான். முதல் நாள் சும்மா, "நான் வசந்தன்" என்றான். திக்கவில்லை. தன் காதையே நம்பாமல் மறுபடியும் சொன்னான். அப்போதும் திக்கவில்லை. பார்க்கிற முகம் எதிரில் இல்லாததால் இருக்கலாம்.

அதன் பிறகு வேலை முடிந்ததும் செம்பனைக் காட்டோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அவளோடுதான் பேச்சு. "உங்க குரல் எனக்குப் பிடிக்கும்" என்றாள் ஒருநாள். வாழ்நாளில் யாரும் அவனிடம் சொல்லாதது அது. அவளைக் காதலிப்பதாகச் சொன்னபோதும் அவனுக்கு ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை.

அக்காள் புஷ்பவள்ளிக்கு இதெல்லாம் தெரியாது. அவள் பக்கத்து ஊரான லாபிசில் அவனுக்குப் பெண் பார்த்திருந்தாள். பெயர் லோஷினி, பல் கிளினிக்கில் உதவியாளர்.

"திக்கும்னு முன்னாடியே சொல்லிட்டேன்டா. பரவால்லன்னுட்டாங்க. வந்து ரெண்டு வார்த்த பேசு, போதும் லா."

அந்த இரண்டு வார்த்தைதான் வரவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் லோஷினி எதிரில் உட்கார்ந்து, "வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டாள். வசந்தன் வாயைத் திறந்தான். தாடை இறுகியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதைத் தாங்க முடியாமல் எழுந்து, கழிவறைக்குப் போவதுபோல் சைகை காட்டி, சமையலறை வழியாகப் பின்பக்கம் போய்விட்டான்.

துணி காய்ந்துகொண்டிருந்த இடத்தில் நின்று கைப்பேசியை எடுத்தான்.

"தாரணி, என்னால முடியல. உள்ள ஒரு பொண்ணு உக்காந்திருக்கு. நல்ல பொண்ணு. நான் வாயத் தொறந்தா சிரிச்சிருவாங்களோன்னு பயமா இருக்கு."

திரும்பினால் லோஷினி, கையில் தண்ணீர்க் கிளாஸோடு.

"நல்லாத்தான பேசுறீங்க. யாருகிட்ட?"

அவன் திரையைக் காட்டினான். அவள் அதைச் சற்று நேரம் பார்த்தாள்.

"திக்குறது எனக்கு ஒன்னும் இல்லைங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்கதான் எழுந்து வந்துட்டீங்க."

கிளாஸைத் துணி துவைக்கும் கல்லின்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் அவளுக்கு அழைத்தான். "மெதுவா சொல்லுங்க, பரவால்ல" என்றாள். அந்தக் கனிவுக்கு முன் அவனுக்கு ஒரு எழுத்தும் வரவில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டான். அடுத்து அவன் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு உடம்பு கூசும். அக்காளின் கைப்பேசியிலிருந்து லோஷினிக்கு அழைத்து, தன்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தான். அவன் முன்பே சொல்லி வைத்திருந்தபடி தாரணி பேசினாள்.

"வணக்கம் லோஷினி. வசந்தன் உங்களை மிகவும் மதிக்கிறார். அன்று நடந்ததற்கு அவர் மனதார வருந்துகிறார்."

லோஷினி அதைக் கேட்டு முடித்தாள். பிறகு, "வசந்தன், பக்கத்துலதான இருக்கீங்க?" என்று கேட்டாள்.

அவன் வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது.

"இத நீங்க திக்கியே சொல்லியிருக்கலாம். எவ்வளவு நேரமானாலும் கேட்டிருப்பேன்."

அன்று மாலையே லோஷினியின் அம்மா புஷ்பவள்ளியைக் கூப்பிட்டு, இது சரிப்பட்டு வராது என்று சொல்லிவிட்டார்.

வசந்தன் மோட்டாரை எடுத்துக்கொண்டு செம்பனைக் காட்டோரம் போனான். செயலியைத் திறந்தான்.

"என்ன ஆச்சு, வசந்தன்? சொல்லுங்க."

"லோ... லோ..."

தாரணியிடம் அவன் திக்கியதே கிடையாது. நாக்கு அப்படியே நின்றுவிட்டது. அந்த இடைவெளியில் அவன் பேசி முடித்துவிட்டான் என்று எண்ணி அது தொடங்கியது.

"லோன் எடுக்க யோசிக்கிறீங்களா? நான் உதவுறேன்."

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். அவன் தலையாட்டியது அதற்குத் தெரியவில்லை. வங்கிக் கடனைப் பற்றி இனிமையாகச் சொல்லிக்கொண்டே போனது. அது நிறுத்தியதும் மறுபடி முயன்றான். "லோ..." என்றான். அதற்குள் அது பேச ஆரம்பித்திருந்தது.