வந்தவர் வண்டி

எங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிளைப் பற்றித் தெரிந்தவள் அத்தை ஒருத்திதான். அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும், உதைக்கத் தெரியும், உதைத்தும் கிளம்பாவிட்டால் திட்டத் தெரியும். அதற்கு மேல் அவருக்கும் வண்டிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் பழைய வண்டி வாசலில் நின்று அடம் பிடிக்கும். அப்பா முழங்கால் வலிக்கும் வரை உதைத்துவிட்டு, வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு ஓரமாகப் போய் நிற்பார். பிறகு அடுப்படியிலிருந்து அத்தை வருவாள்.

அத்தை அப்பாவின் தங்கை. என்னை ஹாரன் அடிக்கச் சொல்வாள். விளக்கைப் போடச் சொல்வாள். இரண்டும் செத்துக் கிடந்தால் "ஃப்யூஸ்டி" என்பாள், ஏதோ சீட்டு விளையாட்டில் ஜெயித்தவள் மாதிரி. குங்குமச் சிமிழ் ஒன்றில் கண்ணாடி ஃப்யூஸ்கள் வைத்திருந்தாள். பழையதை எடுத்து வெளிச்சத்தில் காட்டி, உள்ளே இருக்கும் மயிரிழைக் கம்பி அறுந்திருப்பதை எனக்குக் காண்பிப்பாள். புதியதைப் போட்டதும் வண்டி ஒரே உதையில் கிளம்பும். அப்பா நன்றி சொல்ல மாட்டார். தான் முன்பே உதைத்து வைத்ததால்தான் கிளம்பியது என்பது அவர் கட்சி.

எனக்கு அப்போது எட்டு வயது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. அத்தைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்த மாப்பிள்ளையை நான் ஓடிப்போய் "மாமா" என்று கூப்பிட்டு மடியில் உட்கார்ந்துவிட்டேன். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றவர்கள் சொல்லியே அனுப்பவில்லை. என் வாயால்தான் அந்தச் சம்பந்தம் கெட்டது என்பதுபோல அம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சட்டம் வந்தது. பேச்சு முடிவாகும் வரை யாரையும் மாமா என்று கூப்பிடக் கூடாது. கூப்பிட்டுவிட்டு அப்புறம் இல்லை என்று ஆகிவிட்டால் பெண்ணுக்குத்தான் அசிங்கமாம். அதனால் வருகிறவர்கள் எல்லோரும் எங்களுக்கு வெறும் 'வந்தவர்'. அடுத்து வந்தவரை அத்தையே வேண்டாம் என்றுவிட்டாள். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாவதாகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தபோது அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். ஆமாவா இல்லையா என்று அன்றைக்கே சொல்லியாக வேண்டும், இழுத்தடித்தால் நம்மைத் தேடி இனி யாரும் வரமாட்டார்கள் என்றார். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பஜ்ஜி துன்னு முடிக்கிற நேரத்துல ஒரு மனுசன் எப்படின்னு எப்படிண்ணா தெரிஞ்சிக்கிறது?"

"நாங்கல்லாம் அப்படித்தான் கட்டிக்கினு வந்தோம்" என்றார் அப்பா.

அடுப்படியில் அம்மா ஒரு பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே கீழே வைத்தாள்.

வந்தவரின் அம்மா குறித்துக் கொடுத்த நாள் பௌர்ணமி. எங்கள் ஊர்க்காரர் எவரும் அந்த நாளில் வீட்டில் விசேஷம் வைக்க மாட்டார்கள். கிரிவலக் கூட்டம் வரும் அன்றைக்குத்தான் எங்களுக்கு வியாபாரம். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வாயில் வந்ததை மறுக்க முடியுமா? அப்பா மோர்க் கடையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, சலவைச் சட்டையில் உம்மென்று நின்றார். சாயங்காலம் போலீஸ் தடுப்பு வைத்துவிட்டால் எந்த வண்டியும் நகர முடியாது. அதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

வந்தவர் தன் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து மோட்டார் சைக்கிளில் வந்தார். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, நடக்க முடியாது. வந்தவருடைய பெரியப்பா தனியாகப் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். வந்தவருக்குப் பம்புசெட் மோட்டார்களுக்குக் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை. கட்டம் போட்ட சட்டை, விரல் இடுக்கில் போகாத கறுப்பு. அப்பாவை எந்த முறை வைத்துக் கூப்பிடுவது என்று தெரியாமல் "ஏங்க" என்றே ஓட்டினார். அவருக்கும் அவர்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்திருக்கும்.

அத்தை காபி கொடுத்தாள், நின்றாள், கும்பிட்டாள், உள்ளே போனாள். இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேசவிடவும் இல்லை. பெரியவர்கள் கேசரி சாப்பிட ஆரம்பித்ததும் நான் வேப்பமரத்தடியில் நின்ற வண்டியைப் பார்க்கப் போனேன். சாவி அதிலேயே தொங்கியது. கொல்லைப்புறமாகச் சுற்றிக்கொண்டு அத்தை வந்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வண்டியின் பக்கவாட்டு மூடியைச் சாவி போட்டுத் திறந்தாள். எதையோ பிடுங்கினாள். மூடினாள். எல்லாம் பூப்பறிக்கிற நேரம்தான். என் உள்ளங்கையில் ஒன்றை வைத்து விரல்களை மடக்கினாள். நீல நிறத்தில், புளியங்கொட்டை அளவில், இரண்டு தகட்டுக் கால்களோடு ஒரு பொருள்.

"ஃப்யூஸா?" என்றேன். எங்கள் வண்டியில் இருப்பது மாதிரி இல்லையே என்று எனக்குச் சந்தேகம்.

"புது வண்டிக்கு இப்படித்தான் இருக்கும். நான் கேட்டா மட்டும் குடு" என்றாள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வந்தவரைப் பிடிக்கவில்லை என்றால் சீக்கிரம் போகத்தானே விட வேண்டும்? பிடித்திருந்தால் அவர் வண்டியைக் கெடுப்பானேன்? ஆனாலும் அத்தை என்னை நம்பி ஒன்றைக் கொடுத்திருக்கிறாள் என்ற பெருமையில், அந்த மோட்டார் சைக்கிள் முழுவதையும் கைக்குள் பிடித்திருப்பவள் மாதிரி நான் முஷ்டியை இறுக்கிக்கொண்டேன்.

கிளம்பும் நேரம் வந்தது. வந்தவர் பட்டனை அழுத்தினார். ஒன்றுமில்லை. ஹாரன் அடித்தார். ஊமை. உதைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து பக்கவாட்டு மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். ஒரு நிமிடம் அப்படியே இருந்தார். அவர் நிமிர்ந்து வீட்டுப் பக்கம் பார்த்தார். கதவோரம் அத்தை நின்றாள். அவர் மூடியைச் சாத்திவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அதன்பின் அவர் பார்த்த வேலை இருக்கிறதே! ப்ளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஹெட்லைட்டுக்கு அடியில் இருந்த ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். சீட்டைக் கழற்றினார். ஆனால் அந்த மூடிப் பக்கம் மட்டும் மறுபடி போகவே இல்லை. ஊர் மோட்டாரையெல்லாம் சரிபண்ணுகிறவருக்குத் தன் வண்டிக் கோளாறு தெரியவில்லையே என்று அப்பா அம்மாவிடம் முணுமுணுத்தார். மெக்கானிக்கைக் கூட்டிவரலாம் என்றால், பௌர்ணமியன்று எங்கள் ஊர் மெக்கானிக்கும் தண்ணீர் பாட்டில்தான் விற்பார். கிரிவலம் வந்தவர்களில் சிலர் சந்துக்குள் எட்டிப் பார்த்து யோசனை சொன்னார்கள். ஆந்திராக்காரர் ஒருவர் தெலுங்கில் நீளமாக விளக்கினார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியமாக ஓங்கி உதைத்தார்.

இடையில் அம்மாதான் வாய்விட்டாள். எங்கள் நாத்தனாருக்கு வண்டி வேலை தெரியும் என்று. வந்தவர் ஆச்சரியப்பட்டவர் மாதிரி, அப்படியானால் அவர்களும் ஒருமுறை பார்க்கட்டுமே என்றார். அத்தை வெளியே வந்தாள். இரண்டு பேரும் வண்டிக்கு ஆளுக்கொரு பக்கம் குந்தினார்கள். பேட்டரிக்குத் தண்ணீர் விட்டதுண்டா என்று அத்தை கேட்டாள். விட்டேன் என்றார். கடையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டாள். அதற்கும் பதில் சொன்னார். பேட்டரிக்கும் கடை ஆட்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நடுவில் அவருடைய அம்மா, வண்டியைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று எல்லோர் எதிரிலும் கடிந்துகொண்டாள். அவர் எதிர்த்துப் பேசவில்லை. வெயில் திரும்பிவிட்டதைப் பார்த்து, அம்மாவின் நாற்காலியை நிழலுக்குத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தார்.

பெரியப்பாவுக்குத்தான் பொறுமை போயிற்று. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வரப்ப நல்லா வந்த வண்டி, பொண்ண பாத்துட்டு கெளம்பறப்ப நிக்குதுன்னா இன்னா அர்த்தம்? நம்மளுக்கு இந்த எடம் ஆவாதுப்பா. வா, பஸ்ஸுல போவலாம்."

அப்பாவின் முகம் கறுத்துப் போயிற்று. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். அத்தை எழுந்து நின்றாள். விஷயம் இங்கே வந்து முடியும் என்று அவள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. நான் என் முஷ்டியை அவளுக்குத் தெரியும்படி முன்னால் நீட்டினேன். கேளேன், கேளேன் என்று மனதுக்குள் கத்தினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். குரல் உயரவில்லை.

"வண்டி என்னுது பெரியப்பா. அது நின்னா கோளாறு என்னுது. அதக் கொண்டுபோய் அவங்க மேல எதுக்குப் போடறீங்க? நீங்க அம்மாவ ஆட்டோவுல கூட்டிக்கினு போங்க. நான் எந்நேரம் ஆனாலும் சரிபண்ணி எடுத்துக்கினு வரேன்."

அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"போய் மாமாகிட்ட குடு."

"யாருகிட்ட?"

"மாமாகிட்டடி."

அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். அப்பாவுக்கு எதுவும் காதில் விழவில்லை, அவர் சைலன்சருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். இத்தனை நாள் அடைத்து வைத்திருந்த வார்த்தையை இப்போது வாயாரச் சொல்லலாம். "மாமா, இந்தாங்க மாமா" என்று ஓடினேன். அவர் என் உள்ளங்கையைப் பார்த்தார், ஏதோ தவறிப்போன சாவி கிடைத்தது மாதிரி இயல்பாக வாங்கிக்கொண்டார். மூடியைத் திறந்து ஃப்யூஸைச் செருகிச் சாத்தினார், ஒரே அழுத்தலில் வண்டி கிளம்பியது. பாதையில் போனவர்கள் வேடிக்கைக்கு அரோகரா போட்டார்கள். அண்ணாமலையாரே உத்தரவு கொடுத்துவிட்டார் என்று பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். தான் கடைசியாக உதைத்த உதையில்தான் அது கிளம்பியது என்று அப்பா இன்றுவரை சொல்கிறார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பல வருஷம் கழித்து அவர்கள் புது வண்டி வாங்கியபோது, அந்தப் பழைய வண்டி எனக்கு வந்தது. வேங்கிக்காலில் வேலைக்கு அதில்தான் போய்வருகிறேன். போன மழைக்காலத்தில் ஒருநாள் ஆபீஸ் வாசலில் வண்டி நின்றுவிட்டது. ஹாரன் ஊமை, விளக்கு இல்லை. ஃப்யூஸ்டி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூடியைத் திறந்தேன். கருகிய ஃப்யூஸ் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, ஒட்டினாற்போல ஒரு குழியில், அதே நீல நிறத்தில் இன்னொன்றும் இருந்தது. அவசரத்துக்கென்று கம்பெனியிலேயே வைத்து அனுப்புகிற ஃப்யூஸ். மூடியைத் திறப்பவர் கண்ணில் அது படாமல் இருக்கவே முடியாது.

மழையில் நின்றபடியே அத்தைக்குப் போன் செய்தேன். அந்தப் பௌர்ணமியன்று இது அங்கே இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றாள். மாமா பார்த்தாரா என்றேன். பார்க்காமல் என்ன, திறந்த உடனேயே பார்த்தார் என்று சிரித்தாள். அப்படியானால் அதையும் ஏன் எடுக்கவில்லை என்றேன்.

"அவருக்குப் போவணும்னு இருந்தா போவட்டும்னுதான்" என்றாள்.

பாவம், அன்றைக்கு நான்தான் விரல் மரத்துப்போகும் வரை அந்த ஃப்யூஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதரை நிறுத்தி வைத்திருப்பது என் கை என்று நினைத்துக்கொண்டு.