டிக்கெட் டியா, டாக்டர் டியா?

போன சனிக்கிழமை காலை, இட்லி வேகும் நேரத்துக்கு, என் மச்சான் செல்வம் கடலூரிலிருந்து பஸ் பிடித்து எங்கள் சிதம்பரம் வீட்டு வாசலில் வந்து நின்றான். தங்கச்சி வீட்டுக்கு வருகிறவன்... கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்? இல்லை. ஒரு பாக்கெட் மிக்சர்? அதுவும் இல்லை. போன் சார்ஜர் மட்டும் இருந்தது.

புரிந்துவிட்டது. போருக்கு வந்திருக்கிறான்.

செல்வம் என் தாய்மாமன் மகன். அவன் தங்கை கலாவை நான் கட்டிக்கொண்டதால் மச்சான் என்ற முறை இன்னும் இறுகிவிட்டது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பரிண்டெண்ட். வாங்குகிற வணக்கங்களுக்குத் தலையசைத்தே கழுத்து தேய்ந்தவன். நானோ, மழையைப் பற்றி எழுதியே தலை நரைத்த ஆசாமி. வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத்தான் தெரியுமே. இப்படிப்பட்ட இரண்டு பேர் எதற்காக மல்லுக்கு நின்றோம்?

கோடாலி வைத்திருக்கும் ஒரு குள்ளனுக்காக.

சொல்கிறேன். வாலிப வயதில், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் நாங்கள் பழியாகக் கிடந்தோம். 'ஏழாம் அரண்' என்று ஒரு ஆன்லைன் விளையாட்டு. எங்கெங்கோ இருக்கும் மனிதர்கள் ஆளுக்கொரு வேடம் போட்டுக்கொண்டு ஒரே காட்டில் திரிவார்கள். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே கணக்கு, ஒரே வேடம், ஒரே கீபோர்டு. அந்தக் குள்ளனுக்குக் கெடிலத்தான் என்று பெயர் வைத்தோம் — கடலூரில் ஓடும் கெடிலம் ஆற்றை நினைத்து. சண்டை போடுவது செல்வம். பேசுவது நான். அவன் பூதத்தை வெட்டிக்கொண்டிருக்கும்போது அவன் கையைத் தள்ளிவிட்டு, அந்தி வானத்தின் சிவப்பைப் பற்றி அந்தப் பூதத்திடம் நாலு வரி அடிப்பேன்.

அடிக்கடி செத்ததற்குக் காரணம் அதுதான் என்பது செல்வத்தின் கட்சி.

பிறகு அந்த விளையாட்டு புதுப்பிறவி எடுத்தது. பழைய பதிப்பில் மழை என்றால் திரையில் சாய்வாக நாலு கோடு. புதிய பதிப்பில் இலை நனைந்து, நுனியில் திரண்டு, யோசித்து, சொட்டுகிறது. இந்த வாக்கியத்தை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "குழம்பு ஆறுது" என்றாள் கலா.

புதியது வந்த பிறகும் பழையதை மூடாமல் ஒரு ஓரமாக வைத்திருந்தார்கள். இப்போது அறிவித்துவிட்டார்கள்: இந்த மாதத்தோடு பழையதற்குப் பூட்டு. அதற்குள் பழைய கணக்கைப் புதிய கணக்கோடு இணைத்தால், பழைய ஆள் தன் பட்டத்தோடும் ஆயுதத்தோடும் புது உலகத்துக்குக் குடிவந்துவிடுவான். இணைக்காவிட்டால்... அவ்வளவுதான், இருந்த சுவடே இருக்காது.

இதில் ஒரு நிபந்தனை. ஒரு பழைய கணக்கை ஒரே ஒரு புதிய கணக்கோடுதான் இணைக்கலாம். ஒருமுறை இணைத்தால் பிரிக்க முடியாது. (இதே நிபந்தனைக்கு நான் ஏற்கனவே ஒருமுறை, கல்யாண மண்டபத்தில், தலையாட்டியிருக்கிறேன்.)

புதிய விளையாட்டில் எனக்கொரு கணக்கு, செல்வத்துக்கொரு கணக்கு. கலாவுக்கும் ஒன்று உண்டு — மகள் போட்டுக் கொடுத்தது. ஆனால் அவள் வாளையே தொடுவதில்லை. ஒரு தோட்டம் வைத்துக்கொண்டு வெங்காயமும் பூசணியும் போடுகிறாள். அதை ஆட்டம் என்றே நாங்கள் மதித்ததில்லை.

சரி, குள்ளன் யாருக்கு?

"உனக்குப் புஸ்தகம் இருக்குது மச்சான்" என்றான் செல்வம், இட்லியைப் பிய்க்காமலே. "பேப்பர்ல போட்டோ வருது. என்னைய ஆபீஸ்ல சார்னு கூப்பிடுறாங்க. பேரு என்னான்னு எவனுக்குத் தெரியும்? கெடிலத்தான் வர்றான்னா அந்தக் காட்டுல ஒதுங்கி வழி வுட்டாங்க. அது நான்தான். எனக்குன்னு இருந்தது அவன் ஒருத்தன்தான்."

மனசாட்சி உள்ள எவனும் அந்த இடத்தில் விட்டுக்கொடுத்திருப்பான். மனிதர்களின் சின்னச் சின்ன ஏக்கங்களைப் பற்றி வாரா வாரம் உங்களிடம் உருகுகிறவன் என்ன சொன்னேன் தெரியுமா?

"அவன் பேசின பேச்செல்லாம் என்னுது."

"அதனாலதான் ஒதுங்குனாங்க போல" என்றாள் கலா, சட்னிக் கிண்ணத்தை நகர்த்தியபடி.

பாஸ்வேர்டு இருவருக்குமே மறந்திருந்தது. மறந்தவர்களுக்கு ஒரு பாதுகாப்புக் கேள்வி கேட்டது பழைய பதிப்பு. உங்கள் அம்மாவின் மெய்டன் நேம் என்ன? மூன்று தடவைதான் பதில் சொல்லலாம். மூன்றும் தப்பானால் கணக்கு நிரந்தரமாக முடங்கிவிடும்.

கேள்வியைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் பொங்கியது. யாருடைய அம்மா பேரோ, அவனுக்குத்தானே கணக்கு? இதைவிடப் பெரிய அத்தாட்சி உண்டா? அன்றைக்கு அந்தச் சென்டரில் உட்கார்ந்து என் கையாலேயே என் அம்மா பேரை அடித்தது அப்படியே கண்ணில் நின்றது. ஃபேன் சத்தம்கூட ஞாபகம் இருந்தது. என் போனை எடுத்து 'சரோஜா' என்று அடித்தேன்.

தவறு.

செல்வம் சிரித்தான். அவனுக்கும் ஞாபகம் இருந்ததாம், அதே சென்டர், அதே ஃபேன். அவன் போனில் அவன் அம்மா பேர், 'கஸ்தூரி'.

தவறு.

சிரிப்பு நின்றது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு. இட்லி காய்ந்துகொண்டிருந்தது.

"மச்சான்" என்றான் செல்வம் மெதுவாக. "மெய்டன்னா கிரிக்கெட்டுல ரன்னே குடுக்காத ஓவர்தான? அப்ப சைபர் போட்டிருப்பமோ?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதை நான் தீவிரமாக யோசித்தேன். அடிக்கக் கை போய்விட்டது.

"ஏங்க, அந்தப் போனைக் கீழ வைங்க" என்றாள் கலா. கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "அன்னிக்கி அதை அடிச்சது நான்."

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

"கம்ப்யூட்டர் கிளாஸ் வுட்டு என்னையக் கூப்புட்டுப் போக வந்துட்டு, வழியில அங்க உக்காந்தீங்க. கேள்வி வந்திச்சி. எங்கம்மா பேரு, எங்கம்மா பேருன்னு ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கத்தினீங்க. அப்புறம் கோவிச்சிக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டீங்க. சென்டர்காரரு நேரம் ஆவுதுன்னாரு. நான்தான் போட்டேன்."

"என்னா போட்ட?" என்றான் செல்வம்.

"மெய்டன் நேம்னா கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த குடும்பப் பேருண்ணே. நம்ம வூட்டுல ஏது குடும்பப் பேரு? இனிஷியல்தான். சரோஜா அத்தைக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி என்னா இனிஷியல்? 'ந'. 'ந'ன்னா நடேசன். இவருக்கு அம்மாவப் பெத்த தாத்தா, நமக்கு அப்பாவப் பெத்த தாத்தா. எப்படிப் போனாலும் அவருதான். சண்டை வேணாமேன்னு அவரு பேரைப் போட்டேன்."

இத்தனை வருஷமாக எங்கள் வீரனை ஒரே தாத்தா பூட்டிக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். இருவருக்கும் சமமாக.

நெகிழலாம் என்று ஆரம்பித்தேன். செல்வம் விடவில்லை. "ஆத்தா, நடேசனுக்கு எந்த டி?"

நியாயமான கேள்வி. இங்கிலீஷில் எழுதும்போது டிக்கெட்டுக்கு வரும் டியா, டாக்டருக்கு வரும் டியா? தமிழுக்கு எல்லாம் ஒரே ட. பெரிய மனசு. எங்கள் குடும்பமோ இரண்டாகப் பிரிந்த குடும்பம். என் அம்மாவின் பள்ளிச் சான்றிதழில் நடேசனுக்கு டிக்கெட் டி. செல்வத்தின் அப்பாவுடைய சர்வீஸ் புத்தகத்தில் டாக்டர் டி. நானும் செல்வமும் உடனே அவரவர் டிக்காகக் குரல் எழுப்பினோம்.

கலா எங்களைக் கேட்கவில்லை. தன் போனை எடுத்தாள். நாங்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே அடித்தாள், அழுத்தினாள்.

திறந்தது.

"டிக்கெட்டா, டாக்டரா?" என்றோம் ஒரே குரலில்.

"அது எதுக்கு இப்ப?" என்று போனை எங்கள் பக்கம் திருப்பினாள். புதிய பதிப்பின் வெயிலில், பூசணிக் கொடிகளுக்கு நடுவே, கோடாலியோடு முழித்துக்கொண்டு நின்றான் கெடிலத்தான். யார் போனில் திறந்ததோ, அவர் கணக்கோடு இணைந்துவிட்டான். பிரிக்க முடியாது.

"தெரியாமப் பண்ணிட்டியா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுதான்."

செல்வம் அந்தச் சின்னத் திரைமேல் குனிந்தான். பிறகு கேட்டான், "உள்ள வரலாமா, கலா?"

புதிய விளையாட்டில் தோட்டத்துக்காரர் விரும்பினால் மற்றவர்களை உள்ளே விடலாம். விட்டாள். கூடவே, குள்ளனை ஓட்டுகிற உரிமையையும் அண்ணன் கையில் கொடுத்தாள். இப்போது மஞ்சக்குப்பத்து சூப்பரிண்டெண்ட், ஆபீஸ் விட்டதும் கெடிலத்தானாகிக் கோடாலியால் வெங்காயப் பாத்திக்கு வரப்பு வெட்டுகிறான். வழியில் போகிற பழைய ஆட்கள் சிலர் அடையாளம் கண்டு நின்று வணக்கம் வைக்கிறார்களாம். போனில் சொன்னான். குரலே வேறாக இருந்தது.

நானும் அனுமதி கேட்டேன்.

"உங்களை வுட்டா வேலை கெட்டுப்போவும். பூசணிகிட்ட நின்னு பேசிக்கிட்டு இருப்பீங்க."

வேலிக்கு வெளியேதான் நிற்கிறேன். புதிய பதிப்பில் மழை, நான் எழுதியதைவிட நன்றாகவே பெய்கிறது.