எதுவும் போடக்கூடாத பாத்தி

2013-ம் வருடம், மார்கழி பிறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்து கம்மாபுரம் போகிற வழியில் உள்ள ஒரு கிராமம். அங்கே ஒரு வயல் வரப்பில், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, கால் வைக்க இடம் தேடி நின்றுகொண்டிருந்தேன். வேதியியலில் எம்.எஸ்சி. முடித்து, ஒரு கல்லூரியின் ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்த புதிது. நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில்தான். அப்பா மைன்ஸில், அதாவது நிலக்கரிச் சுரங்கத்தில், பர்மனென்ட். வயல் என்பதை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அன்றைக்கு வரப்பில் நான் நடந்த நடையைப் பார்த்து, நாற்றுக்கட்டு சுமந்து போன பெண்களே நின்று சிரித்தார்கள்.

ஆராய்ச்சி இதுதான். அனல் மின் நிலையத்தில் மிஞ்சும் சாம்பலைத் தொழு உரத்தோடு கலந்து போட்டால், அந்தச் செம்மண்ணில் வேர்க்கடலை கூடுதலாக விளையுமா? நாலு துறைக்காரர்கள் சேர்ந்து செய்த வேலை அது. மண்ணியல் பேராசிரியர்தான் தலைவர். சாம்பலில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேதியியல் பங்கு. விலங்கியல் சார் மண்புழுக்களைப் பார்ப்பார். பொருளியல் மேடம் விவசாயிகளிடம் கேள்வி கேட்டு எழுதிக்கொள்வார். சில ஊர்களில் விவசாயிகளிடம் கேட்டு வயல்களை எடுத்திருந்தோம்.

இந்த ஊரில் எங்களுக்கு வயல் கொடுத்தது ஓர் அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. இரண்டு பேருடைய அப்பா அம்மாவும் காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். இவர்கள்தான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அந்தத் துண்டு நிலத்தை வாங்கினார்கள். இரண்டு வீட்டு வம்சத்திலும் சொந்தமாக நிலம் என்று ஒன்று அதுதான் முதல். அதை அந்த அக்கா பார்க்கிற பார்வையிலேயே தெரியும். வயலுக்குள் இறங்கும்போது செருப்பு போட மாட்டார்.

முதல் நாள் முளைக்குச்சி அடித்து, டேப் பிடித்து, கயிறு கட்டிப் பாத்தி பிரித்தோம். ஊர்க்காரர்கள் சிலர் வந்து சுற்றி நின்றார்கள். அதில் ஒருவர், "இன்னாங்க, சர்வேயா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, ஆராய்ச்சி" என்றேன்.

"மொதல்ல ஆராய்ச்சின்னுதான் வருவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

சில பாத்திகளில் சாம்பல், சிலவற்றில் சாம்பலும் தொழு உரமும். சிலவற்றில் எதுவுமே போடக்கூடாது. சும்மா விட்ட பாத்தி பக்கத்தில் இருந்தால்தானே போட்ட பாத்தியில் என்ன வித்தியாசம் என்று தெரியும்? அக்கா அந்த வெறும் பாத்திகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் பாப்பா, இதுக்கு மட்டும் ஒண்ணும் போடாத வுடுறீங்க?"

"இது கன்ட்ரோல் அக்கா. இதோட கம்பேர் பண்ணித்தான் மத்ததைப் பாப்போம். தண்ணி மட்டும் வுடுங்க. வேற எதுவும் போடக்கூடாது."

"சரிங்க பாப்பா" என்று தலையாட்டினார். தலையாட்டியதால் புரிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். கல்லூரியில் பேராசிரியர் நடத்தும்போது நானும் அப்படித்தானே தலையாட்டியிருக்கிறேன்!

வாராவாரம் டவுன் பஸ் பிடித்துப் போவேன். அக்காவுக்கு என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் பொழுது போகாது. "குவார்ட்டர்ஸு பொண்ணு சேத்துல எறங்குது, எல்லாரும் ஓடியாங்க" என்று பக்கத்து வயலுக்குக் குரல் கொடுப்பார். வேலை முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போய் வேகவைத்த கடலையைக் கொட்டித் தின்னச் சொல்வார். அந்தப் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்பார்கள். "மல்லாட்டைய ஆராய்ச்சி பண்றவ மல்லாட்டைய தின்னாம போவக்கூடாது" என்பது அவர் சட்டம்.

தை பாதிக்கு மேல் வெறும் பாத்திகள் மட்டும் வெளுக்க ஆரம்பித்தன. சாம்பலும் உரமும் போட்ட பாத்திகள் கருகருவென்று நின்றன. எனக்கு ஒரே குஷி. நாங்கள் நினைத்தது அப்படியே நடக்கிறதே! போனை எடுத்துப் படம் மேல் படமாக எடுத்தேன். "சூப்பர்க்கா! எப்படி வெளுத்திருக்கு பாருங்க!" என்று கத்தினேன். அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வெயிலில் முகத்தைச் சுளிக்கிறார் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் வெறும் பாத்திகள் மெல்ல மெல்லப் பச்சை கட்டின. மாசியில் ஒரு மழை பெய்திருந்தது. அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சித்திரையில் அறுவடை. செடியைப் பிடுங்கி, காயை ஆய்ந்து, பாத்தி வாரியாக நிறுத்தோம். மறுபடியும் நிறுத்துப் பார்த்தோம். எதுவும் போடாத பாத்தியில்தான் காய் அதிகம்! மறுநாள் கல்லூரியில் தலைவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "லேபிளை மாத்திக் கட்டிட்டியாம்மா?" இல்லை சார் என்கிறேன், யாரும் நம்புகிற முகமாக இல்லை. ஒரு வேளை நிஜமாகவே மாற்றிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

விலங்கியல் சார்தான் குறுக்கே புகுந்தார். "லேபிள் எல்லாம் சரியாத்தான் இருக்கு. அந்தப் பாத்தியிலதான் மண்புழு மொத்தமாக் கெடக்குது. சும்மா விட்ட மண்ணுல அவ்வளவு வராது. யாரோ எருவைக் கொட்டியிருக்காங்க" என்றார்.

அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். அக்கா களத்தில் காய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கேட்டவுடனே, ஒளிக்காமல் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

"ஆமாம் பாப்பா, நான்தான் போட்டேன். மக்குன சாணியும், ஊற வெச்ச புண்ணாக்கும். நல்லா வந்துச்சுல்ல?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன்க்கா? நான்தான் எதுவும் போடாதீங்கன்னு சொன்னேனே!"

"சொரங்கத்துக்கு நெலத்த அளக்க ஆளு வரும், ஆளு வரும்னு ஊரே பேசிக்கினு இருக்குது. நீங்களும் குச்சி அடிச்சு, கவுறு கட்டி வெச்சிட்டீங்க. நாலு பெரிய மனுசங்க வந்து வந்து எழுதிக்கினு போறாங்க. இந்தப் பாத்தி மஞ்சளா நின்னுகினு இருந்தா, இது வெளையாத மண்ணுன்னு எழுதிட மாட்டாங்களா? அப்புறம் எடுத்துக்க எவ்ளோ நேரம் ஆவும்? நீகூட வெளுத்துப் போனதப் பாத்து சந்தோசப்பட்டியே பாப்பா. எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல."

கடவுளே! அந்தப் பாத்தி வெளுத்தால் எனக்கு வெற்றி, அவருக்கு நிலமே போகிற பயம். ஒரே பாத்தியைப் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம். சாம்பலில் என்ன சத்து, மண்ணில் என்ன குறை என்றெல்லாம் வாய் ஓயாமல் சொன்ன நான், "அக்கா, நாங்க நிலம் எடுக்க வரல, இந்தப் பாத்தி வெளுத்தாலும் உங்க மண்ணுக்கு ஒரு கெட்ட பேரும் வராது" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு அப்படி ஒரு பயம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே சுரங்கத்துச் சம்பளத்தில்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லேபிளை மாற்றியதாக என் மேல் பழி விழுந்திருப்பதையும் சொன்னேன். பதறிப்போய்விட்டார். "என்னால உன் வேலைக்கு ஆபத்தா? ஐயோ, நான் வந்து சார்கிட்ட சொல்றேன் பாப்பா" என்றார். சொன்னபடி மறுநாளே நல்ல புடவை கட்டிக்கொண்டு கல்லூரிக்கு வந்து நின்றார். "இந்தப் பொண்ணு மேல தப்பு இல்லீங்க. எருப் போட்டது நான்தாங்க" என்று தலைவர் முன்னால் கைகட்டிச் சொன்னார். தலைவரும் நல்ல மனிதர்தான். "பரவாயில்லைம்மா, உங்க நிலம், உங்க எரு" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

என் வேலை பிழைத்தது. அந்த வயல் ஆராய்ச்சியில் இருந்து நீக்கப்பட்டது. அது சரியான முடிவுதான், இன்றைக்கு நான் தலைவராக இருந்தாலும் அதையேதான் செய்வேன். மறுபடி செய்து பார்க்க அடுத்த பருவத்துக்குத் திட்டத்தில் இடம் இல்லை. மற்ற ஊர்களின் முடிவுகளை வைத்துக் கட்டுரை எழுதினோம். எல்லாத் துறை ஆராய்ச்சிகளையும் வெளியிடுகிற ஓர் இதழில் அது வந்தது. என் பெயரை முதன்முதலாக அச்சில் பார்த்து அப்பா பிளாக் முழுக்க லட்டு கொடுத்தார்.

இரண்டு வருடம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குவார்ட்டர்ஸ் வாசலில் அந்த அக்கா நிற்கிறார். கையில் ஒரு பை நிறைய மல்லாட்டை. வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். ஊரில் சுரங்கத்துக்கு நிலம் எடுக்க நோட்டீஸ் வந்துவிட்டதாம், ஆட்சேபம் சொல்லக் கூட்டம் வைத்திருக்கிறார்களாம். தண்ணீரைக் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நாலு சாருங்க வந்து என் மண்ண எடுத்துப் பாத்தாங்களே பாப்பா. நல்லா வெளையிற மண்ணுன்னு பேப்பர்ல போட்டிருப்பீங்கல்ல? அத ஒண்ணு குடு. கூட்டத்துல காட்டணும். நாங்க வாயால சொன்னா யாரு நம்புறாங்க?"

அப்பா உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே மடித்து வைத்துவிட்டார். நான் அலமாரியில் இருந்து அந்த இதழை எடுத்து வந்தேன். ஏன் எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை, அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் கட்டுரை இருந்த பக்கங்களை மெதுவாகப் புரட்டினார். "இதுல எங்க ஊரு எங்க இருக்குது, காட்டு" என்றார்.

"இல்லைக்கா" என்றேன். "உங்க வயலைக் கட்டுரையில இருந்து எடுத்துட்டோம். எருப் போட்டதால கணக்குல சேக்க முடியல."

அக்கா அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம், "அப்போ, நான் எருப் போட்டதாலதான் என் நெலம் இதுல இல்லியா?" என்று கேட்டார்.

அவர் இதழை மூடி, முந்தானையால் அட்டையைத் துடைத்து, என் கையில் கொடுத்தார். "போவட்டும் வுடு. வெளைஞ்சது நெசந்தானே. நீயும் பாத்தியே" என்றார். என்னைத் தேற்றுகிறாராம்! பஸ் ஏற்றிவிடக் கூடவே போனேன். வழியெல்லாம் என் கல்யாணப் பேச்சைத்தான் பேசிக்கொண்டு வந்தார்.

அந்த நிலம் போய்விட்டது. குடும்பம் வடலூர் பக்கம் குடியேறியதாகக் கேள்விப்பட்டேன். தேடிப் போகும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை. எங்கள் கட்டுரையில் அந்த வயல் இருந்திருந்தால் மட்டும் நிலம் தப்பியிருக்குமா? அநேகமாக இருக்காது. ஆனால் கூட்டத்தில் எழுந்து நிற்கும்போது அவர் கையில் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்திருக்கும்.

இப்போது நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வயலில் பரிசோதனை செய்யப் போகும் மாணவிகளிடம், மண்ணைத் தொடுவதற்கு முன்னால் நிலத்துக்காரரிடம் உட்கார்ந்து, உங்களுக்கு என்ன பயம் என்று கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். கன்ட்ரோல் என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதும் ஒவ்வொரு முறையும், அந்த மஞ்சள் பாத்தியைப் பார்த்து நான் போட்ட சந்தோஷக் கூச்சலும், அன்று இரவு சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த அந்த அக்காவும் சேர்ந்தே ஞாபகம் வருவதால், அந்தச் சொல்லை என்னால் இன்றுவரை சாதாரணமாக எழுத முடிந்ததில்லை.