நூற்றிருபது வந்ததும்

ராஜமாணிக்கத்துக்குக் கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்ததெல்லாம், சுவிட்சைப் போட்டால் விளக்கெரியும் என்பது மட்டுந்தான். அவர் போய் 2007-இல் சாஃப்ட்வேர் கம்பெனிப் பங்கு வாங்கினார். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ். பக்கத்து சீட்டுக்காரர் தேவசகாயம் போட்ட தூபத்தில், மகள் வினோதினியின் கல்யாணத்துக்குச் சேர்த்த மொத்தத்தையும், பங்கு நூற்றிருபது ரூபாய் என்று போட்டுவிட்டார்.

வாங்கியது மனைவி தில்லையம்மாள் பேரில். நெல்லிக்குப்பத்துக் கரும்புக்காரர் வீட்டுப் பெண். அவள் கைராசியில் அவருக்கு அப்படியொரு நம்பிக்கை, மிக்சி வாங்கினாலும் பில் அவள் பேரில்தான். விற்பதென்றாலும் அவள் கையெழுத்து வேண்டும். தனக்குப் பிறகு யாருக்கு என்ற கட்டத்தை மட்டும், சாவைப் பற்றி இப்போதே எழுதுவானேன் என்று இருவரும் காலியாக விட்டார்கள்.

மறு வருஷமே விலை முப்பதுக்கு வந்தது. தேவசகாயம் விற்றுவிட்டு ஒதுங்கினார். ராஜமாணிக்கமும் பயந்துபோய், விற்பனைச் சீட்டை எடுத்து வந்து மனைவியிடம் நீட்டினார்.

"இப்ப எதுக்கு விக்கணும்? வெட்டின கரும்பு திரும்பத் துளுத்து மறுதாம்பு விடாதா? இருக்கட்டும் போங்க," என்றாள். சீட்டை வாங்கிப் புடவைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு அவர் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே அடுப்படியிலிருந்து குரல் வரும். "இன்னிக்கி எவ்ளோங்க?"

முப்பத்திரண்டு, இருபத்தெட்டு, நாற்பது. இவளுக்கு இவ்வளவு பணத்தாசை எங்கிருந்து வந்தது என்று பஸ்ஸில் சொல்லிச் சிரித்தார். ரொம்பக் கண்டார், பெரிய மனுஷர்.

2010 ஆடியில் படுத்தாள். மார்பில் கட்டி. புதுச்சேரிக்குக் கொண்டுபோனபோது முற்றிவிட்டது என்றார்கள். ஆவணியில் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வினோதினி பீரோவை ஒழித்தபோது அந்தச் சீட்டு கிடைத்தது. தில்லையம்மாள் அதில் கையெழுத்துப் போட்டிருந்தாள். கூடவே கடலூர் டாக்டர் ஒருவரின் துண்டுக் காகிதம்: கட்டியை உடனே எடுக்க வேண்டும். தேதி 2009 மார்ச். பின்பக்கம் அவள் எழுத்தில் ஒரு வரி: 'நூத்தி இருவது வந்ததும் அவுங்ககிட்ட குடுக்கணும்.'

முப்பதுக்கு விற்று வைத்தியம் பார்த்தால் மகளுக்கு ஒன்றும் மிஞ்சாது என்று காத்திருந்திருக்கிறாள். ராஜமாணிக்கம் அழவில்லை. அழுகை வராததுதான் அவருக்கே பயமாக இருந்தது. அன்று மரத்துப்போனவர்தான். பங்கைப் பேர் மாற்றி விற்க வாரிசுச் சான்றிதழுக்கு மனு எழுதிக்கொண்டு வந்தாள் வினோதினி. "இருக்கட்டும்," என்றார். 2011 'தானே' புயலில் வீட்டு ஓடு பறந்து, அவள் மறுபடி கேட்டபோதும் அதே பதில்தான். பார்ப்பவர்களுக்கு, விலை விழுந்தும் அசையாத நெஞ்சழுத்தக்காரர். தேவசகாயம் அவரைக் காட்டி மற்றவர்களுக்கு உபதேசமே பண்ணினார்.

2012 புரட்டாசியில் ஒருநாள், திரும்பும் பஸ்ஸில் தேவசகாயம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மச்சான், ஜெயிச்சிட்ட. நூத்தி இருவத்திரண்டு. என்னை மாதிரி அவசரப்படாம வச்சிருந்த பாரு."

"ம்," என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். அடுப்படியில் வினோதினி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நூத்தி இருவத்திரண்டு," என்றார்.

"என்னப்பா?"

"உன்கிட்ட இல்லம்மா. உங்கம்மா கேட்டா. அதான் சொன்னேன்."