முன் சீட்டில் பெல்ட் போட்ட ஆள்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு கார் இருந்ததாம். அதற்குக் கண் உண்டாம், காது உண்டாம், பார்த்ததையும் கேட்டதையும் மறக்காமல் போட்டுவைக்க நெஞ்சுக்குள் ஒரு டப்பாவும் உண்டாம். வாய் மட்டும் கிடையாதாம். அந்த வாயாக இருப்பதுதான் என் தொழில்.

ஆம்பூர் பைபாஸ் ஓரம் கார் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். சில வண்டிகளுக்கு நாங்களே ஜிபிஎஸ் மாட்டிவிடுவோம். புது வண்டிகளில் எல்லாம் கம்பெனியிலிருந்தே வந்துவிடுகிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினால் எங்கே நின்றது, எங்கே பதறி பிரேக் போட்டது, எந்தக் கதவு எப்போது திறந்தது என்று ஒப்பித்துவிடும். ஊரில் இதற்குப் பெயர் 'கம்ப்யூட்டர் போட்டுப் பாக்கறது'. ஜாதகம் பார்க்க வருகிற முகத்தோடுதான் வருகிறார்கள். நல்ல சேதி கேட்டுவிட்டுப் போனவர்கள் கம்மி. இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கும், ஆசையாகக் கார் வாங்கி அதனிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கும் என் கஷ்டம் புரியும்.

ஆந்திராவில் தூங்கும் வேன்

தனபால் அண்ணனுக்குக் குடியாத்தத்தில் விசைத்தறி, வீடு பேரணாம்பட்டைத் தாண்டி ஆந்திர எல்லையை ஒட்டி. லுங்கி ஏற்றிப் போகிற வேனை அவருடைய மச்சான் ஓட்டுகிறார். வேன் மாநிலம் தாண்டினால் போனுக்குச் சேதி வரவேண்டும் என்று கேட்டார். அதற்கு மேப்பில் விரலால் ஒரு கோடு போட்டால் போதும். நான் போடுகிறேன் என்றேன், விடவில்லை. என் வண்டி, நான்தான் கோடு போடுவேன் என்று கட்டைவிரலால் ஒரு இழு இழுத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவர் போன் கத்தியது: வாகனம் எல்லை தாண்டியது. மச்சான் குழந்தை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தும் அவர் நம்பவில்லை. கடைசியில் இரண்டு பேரும் என் கடைக்கு வந்தார்கள், ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு. மேப்பைப் பெரிசாக்கிக் காட்டினேன். அவர் போட்ட கோடு மாட்டுக்கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் போயிருந்தது. வேன் ஒழுங்காக வீட்டு வாசலில்தான் நின்றிருக்கிறது. வாசல்தான் கோட்டுக்கு அந்தாண்டை. மச்சானைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அப்போ இத்தினி நாளா நானும் உங்க அக்காவும் ஆந்திராவுலதான் படுத்துட்டு இருக்கோமா?"

வளைவுக்கு ஒரு கும்பிடு

ஏலகிரிக்கு டாக்சி ஓட்டுகிற மாதவன் அண்ணன் வண்டியில், டிரைவர் முகத்தைப் பார்க்கிற கேமரா ஒன்றை டாக்சிக் கம்பெனி மாட்டச் சொன்னது. கண்ணை மூடினால் தூக்கம் என்று குறித்துக்கொள்ளும். மாட்டிய மாதமே அவரைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார்கள், மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு தூங்குகிறீர்கள் என்று. மனிதர் ஆடிப்போய் வந்தார். படம் போட்டுப் பார்த்தோம். தூக்கமில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கண்ணை மூடி நெஞ்சில் கை வைத்து ஒரு கும்பிடு போடுகிறார். நியாயமாகப் பார்த்தால், அந்த வளைவில் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் சாமிக்கும் நிம்மதியாக இருக்கும். மெதுவாகச் சொன்னேன். அவருக்கு அதுவல்ல வருத்தம். "எனக்கும் சாமிக்கும் நடுவுல இன்னாத்துக்கு தம்பி ஒரு கேமரா?" என்றார்.

அப்போது கடையில் பல்பு மாற்ற வந்து நின்றிருந்தவர் குணா அண்ணன். அன்வர் பாயின் டிரைவர். பாய் ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற கம்பெனி நடத்துகிறார். அவர் மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே குணா அண்ணன்தான் அந்த வீட்டு வண்டியை ஓட்டுகிறார். மாதவன் அண்ணனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் புது வண்டியின் பானெட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"நம்ம வண்டி தங்கம், தம்பி. வெளிய ஒரு வார்த்த சொல்லாது."

ஆள் உண்டு

அந்தத் தங்கம் சொல்லிவிட்டது. அடுத்த வாரமே பாயின் மகள் சபீனா செல்போனை நீட்டியபடி கடைக்குள் வந்தார். பாய்க்கு நெஞ்சு ஆபரேஷன் ஆனதிலிருந்து கம்பெனி, வீடு, மாத்திரை எல்லாம் அவர் கையில். வண்டியின் ஆப்பும் அவர் போனில்தான். அதில் வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு வரி: முன் இருக்கை, ஆள் உண்டு, பெல்ட் போடப்பட்டது. பாய் தொழுகைக்கு உள்ளே போனதும் வண்டி பஜார் சந்து ஒன்றுக்குப் போகிறது. யாரோ ஏறுகிறார். கம்பெனி வரை வந்து இறங்குகிறார்.

குணா அண்ணன் தெரியாமல் சவாரி அடிக்கிறார் என்று சபீனா முடிவு கட்டியிருந்தார். நேராகக் கேட்டும் பார்த்தாராம். ஒரு ஆளும் ஏறவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொன்னாராம். சவாரியைவிட அந்தப் பொய்தான் அவருக்குத் தாங்கவில்லை. ஆப்பில் சுருக்கம்தான் வரும், நடுவில் எங்கெங்கே நின்றது என்பதெல்லாம் வராது, முழுசும் வேண்டுமென்றால் வண்டி வரவேண்டும் என்றேன். சனிக்கிழமை எல்லோரையும் கூட்டி வருகிறேன், எல்லார் முன்னாலும் படியுங்கள், நிஜமாக இருந்தால் அங்கேயே சாவியை வாங்கிக்கொள்வேன் என்றார். இந்த ஊரில் ஒரு டிரைவரிடம் அப்படிச் சாவியை வாங்கினால், பேரணாம்பட்டிலிருந்து வாணியம்பாடி வரை வேறு எவரும் அவரிடம் சாவி கொடுக்கமாட்டார்கள். அது சபீனாவுக்கும் தெரியும். செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்:

"என் ஸ்கூல் பையத் தூக்கிட்டு வந்தவரு, பிரதர். சவாரின்னு சொல்லியிருந்தா கூட விட்டிருப்பேன்."

பாய் ஆட்டோவில் வந்தார்

மறுநாள் காலை அன்வர் பாய் வந்தார். காரில் இல்லை, ஆட்டோவில். அதையும் நாலு கடை தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார். உட்கார்ந்ததும் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார். நாடித் துடிப்பு, நடை எல்லாம் எண்ணி மகளின் போனுக்கு அனுப்புகிற கடிகாரம், மகளே கட்டிவிட்டது. பிறகு சந்துக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொன்னார்.

ஆள் இல்லை. பிரியாணி. டாக்டர் மட்டனை நிறுத்தச் சொன்னார், சபீனா நிறுத்திவிட்டார். வீட்டில் கஞ்சியும் வேகவைத்த காயும். வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு சின்னத் தேக்ஸா, அதாவது பானையோடு பிரியாணி, சொல்லிவைத்து, கம்பெனி குடோனில் பழைய தோஸ்துகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். டிக்கியில் வைத்தால் ஸ்பீடு பிரேக்கரில் பானை சாய்கிறதாம். அதனால் முன் சீட்டு. சின்னது என்றாலும் செம்புப் பானை, சோறு, கறி எல்லாம் சேர்ந்து நல்ல கனம். யாரோ உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்து வண்டி கீங் கீங் என்று கத்தியிருக்கிறது. குணா அண்ணன் பெல்ட்டைப் போட்டிருக்கிறார். சத்தம் நின்றுவிட்டது.

டப்பாவில் இருப்பதை அழித்துவிடு என்றார். முடியாது பாய், அதன் நகல் எங்கேயோ ஒரு ஊர்க் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது என்றேன். 'ஆள்' என்று இருப்பதை 'சாமான்' என்றாவது மாற்றமுடியுமா என்றார். அதுவும் முடியாது. நீங்களே மகளிடம் சொல்லிவிட்டால் குணா அண்ணன் வேலை பிழைக்கும் என்றேன். குணா செத்தாலும் வாயைத் திறக்கமாட்டான் என்று பெருமையாகச் சொன்னார். சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது உறைத்திருக்க வேண்டும். தரையைப் பார்த்தார்.

"கம்பெனில எல்லாரும் எனக்குப் பயப்படறாங்க தம்பி. எனக்குன்னு பயப்பட ஒரு எடம் வோணாமா? அது வீடுதான்."

வண்டி சொன்னது

சனிக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். சபீனா பெஞ்சில். பாய் நாற்காலியில், சுவரில் தொங்கிய டயர் கம்பெனி காலண்டரைப் படித்துக்கொண்டு. குணா அண்ணன் உட்காரவில்லை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்கு என்னவோ போல இருந்தது.

வண்டியில் செருகி எடுத்த ஸ்கேனரைப் பார்த்து வெள்ளிக்கிழமைப் பதிவைப் படித்தேன். எனக்குக் குரல் சின்னது. எல்லோரும் குனிந்துதான் கேட்டார்கள். சந்தில் வண்டி நின்றது. முன் கதவு திறந்தது, ஆள் ஏறினார், பெல்ட் போடப்பட்டது. வண்டி மசூதிக்கு வந்தது. இன்ஜின் அணைந்தது, ஏசி அணைந்தது, கதவெல்லாம் பூட்டிக்கொண்டது. ஆள் உள்ளேயே இருந்தார். பெல்ட் கழற்றவில்லை.

"இந்த வெயில்லயா?" என்றார் சபீனா. அவர் முகம் மாறிவிட்டது. சவாரி என்று நினைத்து வந்தவர் இப்போது ஆள்கடத்தலை நினைத்துக்கொண்டார். "யாரண்ணா உள்ள வெச்சுப் பூட்னீங்க?"

குணா அண்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். நான் அடுத்ததைப் படிக்க வேண்டியதாயிற்று. தொழுகை முடிகிற நேரம், பின் கதவு திறந்து மூடியது. வண்டி கம்பெனிக்குக் கிளம்பியது. முன் சீட்டு ஆள் அப்படியே இருந்தார்.

பின் கதவு யாருடையது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சபீனா மெதுவாகத் திரும்பினார். பின்னால் நீங்கள்தானே உட்கார்ந்திருந்தீர்கள், முன்னால் யார் என்று பார்க்கவில்லையா என்று கேட்டார். கவனிக்கவில்லை என்றார் பாய், காலண்டரிடம்.

குணா அண்ணன் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து என் மேசைமேல் வைத்தார். சத்தமே வராமல் வைத்தார். "என் தப்புதான் பாப்பா. பாய்க்கு ஒண்ணும் தெரியாது. நான் நின்னுக்கறேன்."

சபீனா சாவியைப் பார்த்தார், எடுக்கவில்லை. பெரிய வேலைதான் போலிருக்கிறது, அந்தச் சாவியை எடுப்பது. கை கொஞ்சம் நகர்ந்தபோது அதற்கு முன்னால் பாயின் கை வந்து சாவியை மூடிக்கொண்டது.

"அது ஆளு இல்லமா," என்றார். "தேக்ஸா."

எந்தத் தேக்ஸா என்று சபீனா கேட்கவில்லை. அவரும் ஆம்பூரில் பிறந்தவர்தானே. அப்பாவை, குணா அண்ணனை, கண்ணாடிக்கு வெளியே நின்ற வண்டியின் முன் சீட்டை என்று வரிசையாகப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று நான் மேசைமேலிருந்த ஸ்கேனரை எடுத்துப் பத்திரப்படுத்தினேன். அவர் பாயின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிச் சாவியை எடுத்தார். எழுந்துபோய் குணா அண்ணன் கையில் கொடுத்தார். மன்னிச்சிடுங்க என்று அவர் சொன்னது குணா அண்ணனுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணக்குக் கேட்கிற குரலில், கத்திரிக்காய் பச்சடிக்குப் பெல்ட் போடவில்லையா என்றார். குணா அண்ணன் கேள்வியை நிஜமாகவே எடுத்துக்கொண்டார்.

"அது பின் சீட்ல, பாய் மடியில பாப்பா. வெயிட்டு கம்மி, கத்தாது."

நடை

சபீனா போய் முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினார். இனிமேல் வெள்ளிக்கிழமை இந்த சீட்டில் நான்தான் வருவேன் என்று கண்ணாடியை இறக்கி அறிவித்தார். பாய் பின் கதவுப் பக்கம் போனார். அது பூட்டியிருந்தது. டாக்டர் உங்களை நடக்கத்தானே சொல்லியிருக்கிறார், நடந்தே வாருங்கள் என்றார் மகள். குணா அண்ணன் பாயைப் பார்த்த பார்வையில் பாவமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. வண்டி கிளம்பிவிட்டது.

பாய் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, நடந்து போனா எந்தக் கம்ப்யூட்டர்லயும் ஏறாது இல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் வீட்டுப் பக்கம் போகாமல் பஜார் சந்துப் பக்கம் திரும்பிவிட்டார். மகள் கட்டிவிட்ட கடிகாரம் ஒவ்வொரு அடிக்கும் பச்சையாகச் சிமிட்டிக்கொண்டே கூடப் போனதைப் பார்த்தபோது, இந்த ஊரில் என் தொழிலுக்கு ஒருநாளும் பஞ்சம் வராது என்று தெரிந்தது.