இறக்கத்தைப் பார்த்து நின்ற கார்

நான் எதையும் தொடாமலே என் காரின் வைப்பர் ஆடத் தொடங்கியது. வேல்ஸில் அன்று அதிசயமாக வெயில். வாரம் முழுக்கக் கொட்டிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. காய்ந்த கண்ணாடியை அது கரகரவென்று தேய்த்தது, நிறுத்தினாலும் நிற்கவில்லை. மறுநாள் ஹாரன் தானாக அலறியது. எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து, நான்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, கையசைத்தார். அதற்கடுத்த நாள் வண்டி கிளம்பவே இல்லை.

முதியவர்களின் வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சாப்பாடு வைத்துவிட்டு வருவது என் வேலை. இந்த மலைக் கிராமங்களுக்கு பஸ் எப்போதாவதுதான். கார் இல்லையென்றால் வேலை இல்லை, வேலை போனால் விசாவும் போகும். "இந்த வாரத்துக்குள் சரியாகிவிடும் அல்லவா, டியர்?" என்று போனில் கேட்டார் மேலாளர். இங்கே கழுத்தில் கத்தி வைத்தாலும் இனிமையாகத்தான் வைப்பார்கள்.

மெக்கானிக் கேரத் வந்து முன்சீட்டின் கீழே விரிப்பைத் தூக்கினார். தண்ணீர் தேங்கிக் கிடந்தது. இந்தக் காரின் கூரையில் திறந்து மூடும் கண்ணாடி ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் இறங்கும் மழைநீர் நான்கு மூலையிலும் உள்ள மெல்லிய குழாய்கள் வழியாக வெளியேற வேண்டும். முன்பக்கக் குழாய்களை இலைச் சருகு அடைத்துவிட்டதால், தண்ணீர் உள்ளே வழிந்து ஃப்யூஸ் பெட்டியை நனைத்திருந்தது.

"பின்பக்கக் குழாய்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. நீ ஏன் எப்போதும் இறக்கத்தைப் பார்த்தே நிறுத்துகிறாய்? எல்லாத் தண்ணீரும் முன்னால்தானே வரும்?" என்றார்.

"கிளம்பாவிட்டால் உருட்டிவிடலாமே."

"ஏன், பிரேக் சரியில்லையா?" என்று பதறிப்போய்க் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

அவருக்கு எப்படி விளக்குவது? ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டில், என் அண்ணன் ஷேர் ஜீப் ஓட்டுகிறார். மழைக்காலத்தில் ஒயரில் ஈரம் இறங்கினால் ஜீப் சாவிக்கு மசியாது. அதனால் எங்கள் பக்கத்தில் ஜீப்பை இறக்கத்தைப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். காலையில் உருளவிட்டு, வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டால் உறுமிக்கொண்டு கிளம்பும். ஆட்களும் புளி மூட்டையும் ஏறிய பிறகு எவன் இறங்கித் தள்ளுவான்? செருப்பை வாசலில் விடுவதைப் போல அது எனக்கும் பழகிப்போனது. ஆனால் என் கார் ஆட்டோமேட்டிக். மலையுச்சியிலிருந்து உருட்டினாலும் கிளம்பாது. அது தெரிந்தும் தினமும் அப்படியே நிறுத்தியிருக்கிறேன், மடச்சி.

கேரத் குழாயைச் சுத்தம்செய்து, பெட்டியை மாற்றி, இனி ஏற்றத்தைப் பார்த்து நிறுத்து என்றார். வேலை தப்பியது. அன்று சமையலறையில் உட்கார்ந்து அழுதேன், நிம்மதியில்தான். ஏற்றத்தைப் பார்த்து நிறுத்த முதலில் கை கேட்கவில்லை. தவறாக நிறுத்திவிட்டு, திட்டிக்கொண்டே திருப்பி நிறுத்துவேன். பிறகு அதுவும் பழகிவிட்டது.

போன மழைக்காலத்தில் லீவுக்கு ஊருக்குப் போனேன். ஒரு சாயங்காலம் அண்ணனின் ஜீப்பில் அண்ணியைச் சந்தைக்குக் கூட்டிப்போய் வந்து, வீட்டுக்கு எதிரே நிறுத்தினேன். விடிய விடிய மழை. காலையில் ஆட்கள் மூட்டையோடு வந்துவிட்டார்கள். ஜீப் முனகியது, கிளம்பவில்லை. அதன் மூக்கு மேட்டைப் பார்த்திருந்தது, பின்னால் பள்ளம். வேல்ஸ் பழக்கத்தில் நான்தான் அப்படி நிறுத்தியிருந்தேன்.

சாமை மூட்டையை இறக்கி வைத்த பெரியவர் ஒருவர் அண்ணனிடம் கேட்டார்: "இன்னாபா இது, வண்டிய இப்டி நிறுத்திகிறாங்க? எவனோ வெளியூர்க்காரன் கையி பட்டுக்கிது."

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமாங்க, வெளியூரு ஆளுதான்," என்றார். "வாங்க, ஒரு கை புடிங்க, மேட்டுக்கு ஏத்தி, திருப்பி உருட்டிடலாம்."

எல்லோரும் பின்னால் வந்து நின்றார்கள். நானும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவர்களுக்கு நடுவே கைவைத்துத் தள்ளினேன்.