பின்கதவுக்கு அரை நிமிஷம் இல்லை

உங்கள் வீட்டுக்குள் யார், எப்போது, எந்தக் கதவு வழியாக வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? சத்தியம் எல்லாம் வேண்டாம். ஆதாரம் இருந்தால் சொல்லுங்கள்.

இயற்பியல் ஆசிரியர் ஒருவர் தனக்குத் தெரியும் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எதற்கெடுத்தாலும் "ஆதாரம் என்ன?" என்று கேட்பார் என்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே 'ஆதாரம்'. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான். தாயத்துக் கட்டிய கையைக் கண்டால் வகுப்பை நிறுத்திவிட்டு வாதாடுவார். ஜோசியர் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால், இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே ஜோசியர் இறங்கிவிடுவார்.

அப்படிப்பட்டவரின் பகுத்தறிவு, பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் திருடு போன அன்று படுத்துவிட்டது. காற்றில் ஜன்னல் அசைந்தால் எழுந்து உட்கார்ந்தார். பூனை குதித்தால் விளக்கைப் போட்டார். முடிவில் வீட்டுக்கு அலாரம் மாட்டுவது என்று தீர்மானித்தார். "தாயத்துக்காரன் பயத்தைக் கயித்துல கட்டினான், நான் கம்பியில கட்டினேன். அவ்வளவுதான் வித்தியாசம்" என்று இப்போது அவரே சொல்லிச் சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை.

அவருடைய மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெருவுக்கே அவர் 'சிஸ்டர்'. கணவர் விரித்த வரைபடத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"எதை வேணா மாட்டுங்க. நைட் டியூட்டி முடிஞ்சு வந்தா எனக்குத் தூக்கம் வேணும். அதுல மட்டும் கை வைக்காதீங்க."

"உன் தூக்கத்துக்காகத்தானே இவ்வளவும்!"

அலாரம் மாட்டுகிறவர் வந்தார். ஜன்னல்களைத் தட்டிப் பார்த்தார், மாடிக் கதவை ஆட்டிப் பார்த்தார். "சார், கதவு சென்சார் ரெண்டு மாதிரி வைக்கலாம். ஒண்ணு, திறந்த உடனே கத்தும். இன்னொண்ணு அரை நிமிஷம் பொறுத்துக்கும், நீங்க உள்ள வந்து நம்பரை அழுத்துறதுக்கு. எந்தக் கதவுக்கு எது?"

"வாசல் கதவுக்கு அரை நிமிஷம். பின்கதவுக்கு எதுக்கு? அந்த வழியா திருடன்தானே வருவான்!"

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கிறீங்களா?"

"கேக்குறதுக்கு என்ன இருக்கு? லாஜிக் சார், லாஜிக்."

சைரன் அலறினால் கம்பெனியின் கண்ட்ரோல் ரூமிலிருந்து போன் வரும். அதற்குத் தன் எண்ணை மட்டும் கொடுத்தார். போனை எடுக்காவிட்டால் காவலாளிகள் வருவார்கள். அவர்களிடம் ஒரு ரகசியச் சொல்லைச் சொன்னால்தான் விடுவார்கள். அந்தச் சொல்லை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. "ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா அது ரகசியம் இல்ல, செய்தி" என்றார். சிஸ்டருக்குக் கிடைத்தது அலாரத்தை நிறுத்தும் எண் மட்டும்.

வேலை முடிந்ததும் சோதித்துப் பார்க்காமல் விடுவாரா? முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தன் வீட்டுச் சமையலறை ஜன்னலில் தானே ஏறினார். சைரன் தெருவை எழுப்பியது. எதிர்வீட்டு அக்கா துடைப்பத்தோடு ஓடிவந்தார். "அட, திருடன்னு பார்த்தா நம்ம வாத்தியாரு! ஏன் வாத்தியாரே, வேஷம் கட்டுறதுக்கும் ஒரு வயசு வேணாமா?" ஆதாரம் ஜன்னலில் தொங்கியபடியே, சோதனை வெற்றி என்று அறிவித்தார்.

மறுநாள் ஞாயிறு. வாசகசாலையில் அவருடைய பேச்சு. தலைப்பு 'எதையும் கேள்வி கேள்'. அலாரத்தைப் போட்டுவிட்டு, வாசல் கதவைப் பூட்டிக்கொண்டு, போனை ஊமையாக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

இரவு முழுக்க வார்டில் நின்ற சிஸ்டர் வழக்கம்போல் வீடு திரும்பினார். வழக்கம் என்றால், பின்பக்கமாக. வார்டில் உடுத்திய துணியோடு வீட்டுக்குள் நடக்கக் கூடாது என்பது அவருடைய தொழில் ஒழுங்கு. பின்புறக் குழாயடியில் வாளியும் பழைய நைட்டியும் தயாராக இருக்கும். துணியை ஊறப்போட்டு, அங்கேயுள்ள குளியலறையில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு சமையலறைக் கதவைத் திறப்பார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான். ஆதாரம் இதைக் கவனித்ததே இல்லை. ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் முன்னால் குளித்த தலையோடு மனைவி தோன்றுவார். எந்த வழியாகத் தோன்றினார் என்று, எதையும் கேள்வி கேட்கும் அந்த மனிதர் ஒருநாளும் கேட்டதில்லை.

கதவு திறந்ததும் சைரன் அலறியது. பதறி ஓடி ஹாலில் எண்ணை அழுத்தினார். சத்தம் நின்றது, ஆனால் கண்ட்ரோல் ரூமுக்குச் செய்தி போய்விட்டது. வாத்தியார் போனை எடுக்கவில்லை. இரண்டு காவலாளிகள் வந்து நின்றார்கள். மூத்தவர் கிழிந்த நைட்டியையும் சோப்பு வாசம் அடிக்கும் கையையும் மேலும் கீழும் பார்த்தார்.

"வீட்டுக்காரங்க எங்கம்மா?"

"நான்தான் வீட்டுக்காரி."

"நீ இங்க வேலை பாக்குறியா? உண்மையைச் சொல்லு. இப்படிப் படியில உக்காரு."

வேலை பார்க்கிறவராகவே இருந்தால்தான் என்ன? பாத்திரம் கழுவ வந்த பெண்ணைப் படியில் உட்காரவைத்து மிரட்டலாம் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? உடுப்பைப் பார்த்து ஆளை எடைபோடும் பழைய புத்தி அது. புதிதாக ஒரு சைரன் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"ரகசியச் சொல் சொல்லும்மா."

சிஸ்டர் கண்ணைக் கசக்கினார். "ஆதாரமா?"

"இல்ல."

"அறிவியல்? மின்னோட்டம்?"

"இது விடுகதைப் போட்டி இல்லம்மா."

எதிர்வீட்டு அக்கா வந்துவிட்டார். "தம்பி, சாட்சிக்கு நான் இருக்கேன். அவருக்கு இருக்கிறது ஒரே பொண்டாட்டி, அது இவதான். இன்னும் என்னப்பா வேணும்?"

"சொல் வேணும்க்கா."

அக்கா வாசகசாலைக்குப் போன் போட்டார். அங்கே மேடையில், "வீட்டில் பெண்களைக் கேட்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்!" என்று முழங்கிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார் ஆதாரம். நூலகர் அருகே வந்து, "சார், உங்க வீட்டுல யாரோ ஒரு பொம்பளையைப் பிடிச்சு வச்சிருக்காங்களாம்" என்றார்.

"பாத்தீங்களா! மாட்டின மறுநாளே வேலை செஞ்சிடுச்சு!" என்று மைக்கிலேயே பூரித்தார் அவர்.

வெற்றிவீரராக வந்து இறங்கியவர், படியில் உட்கார்ந்திருந்த மனைவியைக் கண்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"சொல் என்ன சார்?" என்றார் காவலாளி.

"ச... சமத்துவம்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். சிஸ்டர் சிரிக்கவில்லை. "இத்தனை வருஷமா நான் எந்தக் கதவு வழியா வர்றேன்னு உங்களுக்குத் தெரியாது, இல்ல?"

ஆதாரம் பின்கதவு இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ராத்திரி மறுபடி டியூட்டி. நான் தூங்கணும். இங்க தூங்க மாட்டேன். இந்த வீட்டுக்கு என்னை அடையாளம் தெரியுற வரைக்கும் அக்கா வீட்டுலதான்." துண்டை உதறிக்கொண்டு தெருவைக் கடந்துவிட்டார்.

அலாரம்காரர் பறந்து வந்தார். "எந்தெந்தக் கதவை மாத்தணும் சார்?"

"தெரியாது" என்றார் ஆதாரம். விளக்கம் எதுவும் சேர்க்காமல் அந்தச் சொல்லை அவர் சொன்னது வாழ்நாளில் அதுவே முதல் தடவை. இரண்டு முறை எதிர்வீட்டு வாசல் வரை போனார். இரண்டு முறையும், "தூங்குது. போங்க வாத்தியாரே" என்று அக்கா திருப்பி அனுப்பினார்.

மாலையில் சிஸ்டர் எழுந்து வந்தார். அலாரம்காரர் அவருக்குப் பின்னால் நடந்தார். வாத்தியார் அவர்கள் இருவருக்கும் பின்னால்.

"பின்கதவுக்கு ஒரு நிமிஷம் வைங்க. கை ஈரமா இருக்கும், அரை நிமிஷம் பத்தாது. நம்பர் அழுத்துற பலகையைச் சமையலறைப் பக்கம் மாத்துங்க. ரகசியச் சொல் அக்காவுக்கும் தெரியணும். அப்புறம், யாரையும் படியில உக்கார வைக்கக் கூடாதுன்னு உங்க கம்பெனி ஆளுங்ககிட்ட சொல்லுங்க. வேலைக்கு வர்றவங்களா இருந்தாலும்."

"சரிங்க சிஸ்டர். முதல் போன் நம்பர் யாரோடது?"

"என்னோடது. அடுத்து அக்கா."

"நான்?" என்றார் ஆதாரம்.

"மூணாவது. எடுக்கிறதா இருந்தா."

மறுநாள் காலை சிஸ்டர் பின்கதவைத் திறந்து, ஈரக்கையால் எண்ணை அழுத்தி, உள்ளே போய்ப் படுத்துத் தூங்கினார். ஆதாரம் ஹாலில் பேப்பரைக்கூடச் சத்தமில்லாமல் புரட்டினார்.

நீங்களும் அலாரம் மாட்டப் போகிறீர்களா? தாராளமாக மாட்டுங்கள். ஆனால் வரைபடம் போட உட்காரும் முன்னால், உங்கள் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரிடமும், அங்கே வேலைக்கு வருகிறவரிடமும், "நீங்க எந்தக் கதவு வழியா வர்றீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் தூக்கத்தில் இருந்தால், எழுந்திருக்கும் வரை காத்திருந்து கேளுங்கள்.